சிறிய கட்சிக்கு எத்தனை நிமிடம்? மக்களவையும் ஐரோப்பிய நாடாளுமன்றமும்

மக்களவையில் விவாத நேரம் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பிரிக்கப்படுகிறது. எட்டு மணி நேர விவாதம் என்று வைத்துக்கொள்வோம். 480 நிமிடங்களை 543 இடங்களுக்குப் பங்கிட்டால், 2024 தேர்தலில் 240 இடங்கள் வென்ற பாஜகவுக்கு மூன்றரை மணி நேரம். 22 வென்ற திமுகவுக்கு 19 நிமிடம். இரண்டே இடங்கள் வென்ற விசிகவுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. அவைத்தலைவரை விளித்து, பொருளைத் தொடுவதற்குள் மணி அடித்துவிடும். அவர் மனம்வைத்தால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் உரிமையாக வர வேண்டியது தயவாக வரக் கூடாது.

ஐரோப்பிய நாடாளுமன்றம் நேரத்தின் ஒரு பகுதியை எல்லா அரசியல் குழுக்களுக்கும் (ஒத்த கருத்துள்ள பல நாட்டு உறுப்பினர்கள் சேர்ந்து அமைப்பவை) சமமாகக் கொடுக்கிறது. அடுத்த பகுதியைத்தான் எண்ணிக்கைப்படி பிரிக்கிறது. ஒரு மணி நேரத்தில் பாதி சமப் பங்கு என்றால், 2024-இல் அமைந்த எட்டுக் குழுக்களில் மிகச் சிறியதான 25 பேர் குழுவுக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம். வெறும் விகிதக் கணக்கில் அதற்கு இரண்டு நிமிடம்தான். 188 பேர் கொண்ட பெரிய குழு இழப்பதோ நான்கு நிமிடம். அதைத் தாங்க அதனால் முடியும். எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. குழு அமைக்க ஏழு நாடுகளிலிருந்து 23 உறுப்பினர்கள் வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் இங்கே கொண்டுவரக் கூடாது.