அனிமே பருவ அட்டவணை: பிரபல வரிசையை மூடிவிட்டுப் பாருங்கள்

அடுத்த பருவத்தில் எந்த அனிமேயை (ஜப்பானிய அனிமேஷன் தொடரை) பார்க்கலாம், வரப்போகும் தொடர்களைப் பட்டியலிடும் அட்டவணைத் தளங்களை நம்பலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல வராத கேள்வி. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நான்கு முறை புதுத் தொடர்கள் இறங்குவதும், ஒரு கூர் என்றால் 12 அல்லது 13 எபிசோட் என்பதும் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். மைஅனிமேலிஸ்ட், அனிலிஸ்ட், அதோடு சேர்ந்த அனிசார்ட், லைவ்சார்ட் என்ற தளங்களை நெடுநாள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் எழுந்த கருத்து இது.

முதலில் எரிச்சல். பருவ அட்டவணையைத் திறந்தால் தொடர்கள் பெரும்பாலும் 'பிரபலம்' என்ற வரிசையில்தான் வந்து நிற்கும். ஒரு எபிசோட்கூட ஒளிபரப்பாகாத தொடருக்கு என்ன பிரபலம்? எத்தனை பேர் தங்கள் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை, அவ்வளவுதான். சேர்ப்பவர் முந்தைய சீசனைப் பார்த்திருப்பார், அல்லது மூலமான மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) படித்திருப்பார், அதுவும் இல்லையென்றால் அட்டவணையில் மேலே கண்ணில் பட்டதால் சேர்த்திருப்பார். அந்த மூன்றாவது காரணம்தான் விஷம். மேலே இருப்பதால் சேர்க்கிறார்கள், சேர்ப்பதால் மேலேயே இருக்கிறது. ஐம்பது, அறுபது தொடர் வரும் பருவத்தில் முதல் பத்து இடமும் சீக்குவல்களுக்கும் (முன்பே வந்த தொடர்களின் அடுத்த சீசன்களுக்கும்) ஏற்கெனவே கொடிகட்டிப் பறக்கும் மங்காக்களுக்கும் போய்விடும். அவற்றைப் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அட்டவணையே தேவையில்லையே!

2022 அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். செயின்சா மேன், ப்ளீச்சின் புது வருகை, ஸ்பை ஃபேமிலி இரண்டாம் கூர், மாப் சைக்கோ மூன்றாம் சீசன், ப்ளூ லாக் என்று மேல் வரிசை நிரம்பி வழிந்தது. நான்கு கட்ட நகைச்சுவை மங்காவிலிருந்து வந்த போச்சி தி ராக் அந்தக் கூட்டத்தில் கண்ணில் படவே ஸ்க்ரோல் செய்ய வேண்டியிருந்தது. டிசம்பரில் பருவம் முடிந்தபோது அதிகம் பேசப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. வரிசை சொன்னது எதிர்பார்ப்பை, தரத்தை அல்ல. இதைத் தெரிந்துகொண்டே மறுபடி மறுபடி அதே வரிசையைத் திறக்க வேண்டியிருப்பதுதான் ஆத்திரம்.

ஆகவே முதல் வேலை: வரிசையைத் தொடங்கும் தேதிக்கோ பெயருக்கோ மாற்றுங்கள். அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொடர்களையும் ஐந்து நிமிடக் குறுந்தொடர்களையும் ஒதுக்குங்கள். மைஅனிமேலிஸ்ட்டில் 'புதிது', 'தொடர்வது' என்று இரண்டு பிரிவு உண்டு. ஆனால் ஐந்தாவது சீசனாக இருந்தாலும் 'புதிது' தலைப்பின் கீழேயே வரும், ஏமாந்துவிடாதீர்கள். முதல் சீசன் பார்க்காத சீக்குவல்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது முப்பது சொச்சம்தான். அதை உட்கார்ந்து பார்க்க அரை மணி நேரம் போதும்.

இனிமேல்தான் இந்தத் தளங்களின் உண்மையான வரம். அனிலிஸ்ட்டில் ஒவ்வொரு தொடருக்கும் ஸ்டாஃப் பக்கம் இருக்கிறது. பாதிப்பேர் அதைத் தொடுவதே இல்லை. டைரக்டர், சீரீஸ் கம்போசிஷன், கேரக்டர் டிசைன் ஆகிய மூன்று பெயர்களைப் பாருங்கள். பெயரைத் தட்டினால் அவர் முன்பு செய்த வேலையெல்லாம் வந்துவிடும். டைரக்டர் தெரிந்ததே. சீரீஸ் கம்போசிஷன் என்பவர்தான் மூலக்கதையின் எந்தப் பகுதி எந்த எபிசோடில் வரும், எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்று பங்கு பிரிப்பவர். தொடர் நடுவில் தள்ளாடினால் பாதி நேரம் காரணம் அங்கேதான் கிடக்கும். இவ்வளவையும் காசு வாங்காமல் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருப்பது சாதாரண விஷயமில்லை.

ஸ்டுடியோ பெயரைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அனிமேட்டர்களில் பெரும்பங்கு ஃப்ரீலான்ஸ். அவர்கள் கம்பெனியை நம்பி வருவதில்லை, டைரக்டரையும் அனிமேஷன் தயாரிப்பாளரையும் நம்பித்தான் வருவார்கள். ஒன் பஞ்ச் மேன் 2015இல் மேட்ஹவுஸிலிருந்து நட்சுமே ஷிங்கோ இயக்கத்தில் வந்தது. 2019இல் இரண்டாம் சீசன் ஜே.சி. ஸ்டாஃபுக்குப் போனது, டைரக்டர் சகுராய் சிகாரா. கேரக்டர் டிசைன் அதே குபோட்டா சிகாஷிதான். முகம் மாறவில்லை, ஆனால் சண்டைக் காட்சிகளின் வேகம் காணாமல் போனது, ஏனென்றால் நட்சுமேயை நம்பி வந்த கூட்டம் அங்கே இல்லை. இதையே திருப்பிப் போட்டால் ஃப்ரீரென். போச்சியை க்ளோவர்வொர்க்ஸில் இயக்கிய சைட்டோ கெயிச்சிரோதான் 2023இல் மேட்ஹவுஸில் ஃப்ரீரெனை இயக்கினார். ஸ்டுடியோவை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே தெரியாது. ஸ்டாஃப் பக்கத்தைப் பார்த்தவருக்கு ஒரே தட்டில் தெரிந்திருக்கும்.

ஆனால் இதுவும் சர்வரோக நிவாரணி இல்லை. தி ப்ராமிஸ்ட் நெவர்லேண்ட் இரண்டு சீசனுக்கும் ஸ்டுடியோ க்ளோவர்வொர்க்ஸ், டைரக்டர் கன்பே மமோரு. இரண்டும் மாறவில்லை. முதல் சீசன் 12 எபிசோடில் மங்காவின் 37 அத்தியாயங்களைச் சொன்னது. மங்காவில் மொத்தம் 181. மிச்சம் 144ஐ 2021இல் வந்த இரண்டாம் சீசன் 11 எபிசோடில் முடித்துவைத்தது. வாசகர்கள் காத்திருந்த கோல்டி பாண்ட் பகுதி முழுதாக விடுபட்டது. இங்கே உதவுவது வகுத்தல் கணக்கு. நிதானமாகப் போகும் தொடர் ஒரு எபிசோடுக்கு மங்காவின் இரண்டு மூன்று அத்தியாயம் எடுக்கும். லைட் நாவல் (படங்களோடு வரும் இளையோர் நாவல்) என்றால் ஒரு கூருக்கு மூன்று, நான்கு தொகுதி. எபிசோட் எண்ணிக்கை பல நேரம் புளூரே பட்டியல் வந்த பிறகுதான் தெரியும். வந்ததும் அத்தியாயங்களை எபிசோடால் வகுத்துப் பாருங்கள். மங்காவில் எபிசோடுக்கு நான்கு அத்தியாயத்துக்கு மேல் போனால் கதையை வெட்டித்தள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம்.

மங்காவோ நாவலோ இல்லாத அசல் கதை என்றால் இந்தக் கணக்கும் கிடையாது. 2021 ஏப்ரலில் வந்த ஆட் டாக்ஸி அப்படித்தான். கினோஷிட்டா பாகு இயக்கம், கொனோமோட்டோ கசுயா எழுத்து, விலங்கு முகம் கொண்ட பாத்திரங்கள், 13 எபிசோட். ஸ்டாஃப் பக்கத்தைக் குடைந்தாலும் அப்போது பலருக்குத் தெரிந்த பெயர் கிடைத்திருக்காது. அசல் கதைகளுக்கு ஒரே வழி, இரண்டு எபிசோட் பார்த்துவிடுவது.

டிரெய்லரை நம்பலாமா? பாதி. அதில் வரும் ஓடும் காட்சிகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு மூன்று எபிசோடைச் சேர்ந்தவை, ஏனென்றால் அதுவரைதான் வேலை முடிந்திருக்கும். ஒளிபரப்புக்கு மூன்று வாரம் இருக்கையில் வரும் முக்கிய டிரெய்லரிலும் அசையாத படங்களும் குரலும் மட்டும் இருந்தால் உஷாராகிவிடுங்கள். தொடங்கிய பிறகு, வேலை பின்தங்கியதற்குப் பார்க்க வேண்டிய அடையாளம், பழைய காட்சிகளையே திரும்பக் காட்டி நடுவில் திடீரென்று வரும் தொகுப்பு எபிசோட். வொண்டர் எக் பிரையாரிட்டியில் 8ஆவது எபிசோட் தொகுப்பாகப் போனது. முடிவு மார்ச்சில் வரவில்லை, ஜூன் கடைசியில் தனிச் சிறப்பு எபிசோடாக வந்தது. 2023 ஜூலையில் தொடங்கிய ஸோம் 100இன் கடைசி மூன்று எபிசோடுகள் டிசம்பரில்தான் வந்தன. இரண்டுக்கும் தொடக்கம் பிரமாதம். தொடக்கத்தை வைத்து மதிப்பெண் போட்டவர்கள் கதி என்ன?

'மூன்று எபிசோட் பார்த்துவிட்டு முடிவெடு' என்ற பழைய விதி, 2011இல் மதோகா மாஜிகாவின் 3ஆவது எபிசோடுக்குப் பிறகு எல்லோர் வாயிலும் வந்தது. இப்போது தயாரிப்புக் குழுக்களே இதை முந்திக்கொள்கின்றன. ஃப்ரீரெனின் முதல் நான்கு எபிசோடும் ஒரே இரவில் இரண்டு மணி நேரச் சிறப்பாக வந்தன. ஓஷி நோ கோவின் முதல் எபிசோட் 90 நிமிடம்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று: நேரம். ஜப்பானியத் தொலைக்காட்சி நள்ளிரவுக்குப் பிறகும் 24:30, 25:30 என்று எண்ணிக்கொண்டே போகும். வெள்ளி 25:30 என்றால் அங்கே சனிக்கிழமை அதிகாலை 1:30. இந்தியாவும் இலங்கையும் மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் நமக்கு அது வெள்ளி இரவு 10:00. 27:30க்கு முன்புவரை எது வந்தாலும் ஜப்பானிய அறிவிப்பில் உள்ள கிழமையும் நம் கிழமையும் ஒன்றுதான். அவர்கள் குழம்பும் இடத்தில் நமக்குக் குழப்பமே இல்லை! மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. ஒரு மணி நேரம்தான் வித்தியாசம் என்பதால் 25:00 ஆனதுமே அங்கே மறுநாள். ஒரு எச்சரிக்கை: அட்டவணையில் ஓடும் கவுன்ட்டவுன் பெரும்பாலும் ஜப்பான் ஒளிபரப்புக்கானது. சப்டைட்டிலோடு நம் கைக்கு வர மேலும் நேரம் ஆகலாம்.

அதோடு இந்தியாவில் யாரிடம் உரிமம் என்று தனியாகப் பாருங்கள். க்ரஞ்சிரோல், நெட்ஃபிளிக்ஸ், யூடியூபில் மியூஸ், அனி-ஒன் சேனல்கள் என்று சிதறிக் கிடக்கும். நெட்ஃபிளிக்ஸ் சிலவற்றை வாரம் ஒன்றாகத் தராமல் மொத்தமாக இறக்கும், ஜோஜோவின் ஸ்டோன் ஓஷன் அப்படித்தான் ஒவ்வொரு தவணைக்கும் பல எபிசோடாக வந்தது. சோலோ லெவலிங் போன்ற சிலவற்றுக்குத் தமிழ் டப்பிங்கும் உண்டு. வீட்டில் சேர்ந்து பார்ப்பவர்கள் டப்பிங் வரும்வரை பொறுத்திருப்பது நல்லது.

தளங்களில் ரசிகர்கள் போடும் முதல் வார மதிப்பெண்ணை முழுதாகத் தள்ளுங்கள். மூன்றாம் சீசனுக்கு மதிப்பெண் போடுபவர் முதல் இரண்டையும் ரசித்தவர், பிடிக்காதவர் முன்பே இறங்கிப் போயிருப்பார். புதுத் தொடரோடு ஒப்பிடும்போது சீக்குவலுக்கு அரைப் புள்ளி கழித்துக்கொள்வது என் வழக்கம்.

இந்தத் தளங்களுக்கு என் மதிப்பீடா? ஐந்துக்கு இரண்டு. ஸ்டாஃப் பக்கத்தை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டா என்றால், ஆமாம், இரண்டுதான். திறந்ததும் முகத்தில் அடிப்பது அந்தப் பக்கம் இல்லையே, பிரபல வரிசைதானே. நாளைக்கே ஸ்டாஃப் பெயர்களை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தால் ஐந்தும் தருகிறேன்.

நண்பருக்கு: ஆறு தொடரோடு தொடங்குங்கள், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். நான்காம் வாரம் மூன்றை விட்டுவிடுங்கள். ஆறில் குறைந்தது இரண்டு தொடர் பிரபல வரிசையில் முப்பதாவது இடத்துக்குக் கீழே இருப்பதாக இருக்கட்டும்.