புகைப் பரிசோதனையில் எந்த மோட்டார் சைக்கிள் கை கொடுக்கும்? வன்னிப் பாதைகளில் ஓடுபவற்றின் ஒப்பீடு

வருட லைசன் முடிய இரண்டு கிழமை இருக்கும்போதுதான் பலருக்குப் புகைப் பரிசோதனை ஞாபகம் வரும். இன்சூரன்ஸ் காசைக் கட்டினால் கிடைத்துவிடும். பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்றால் வேலை முடியும். இடையில் இருக்கும் புகைச் சான்றிதழ் மட்டும் காசுக்கும் வரிசைக்கும் மசியாது. சைலன்சருக்குள் குழாயை விட்டு, எஞ்சின் நின்ற இடத்தில் சும்மா ஓடும்போது (ஐடிலில்) காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் எவ்வளவு என்று இயந்திரம் எழுதிக் கொடுக்கும். வண்டி எவ்வளவு வேகம் ஓடும், எத்தனை மூட்டை நெல் இழுக்கும் என்று அது பார்ப்பதில்லை.

இந்த இரண்டு எண்களும் இரண்டு வேறு கதை சொல்லும். காபனோரொட்சைட்டு கூடினால் பெற்றோல் கூடிப் போகிறது, அல்லது காற்றுக் காணாது. ஐதரோகாபன் கூடினால் பெற்றோல் எரியாமலே வெளியே வருகிறது. பிளக் இடையிடையே விட்டு அடிக்கும், வால்வு சரியாக மூடாது, ஒயில் எரியும், அல்லது பெற்றோல்-காற்றுக் கலவை அளவுக்கு மீறி மெலிந்திருக்கும், அதாவது பெற்றோல் காணாது. எண் தெரியாமல், பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேட்டரின் திருகாணியில் கை வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு முள்ளு எடுப்பது போல.

இங்கே அதிகம் ஓடுபவற்றை இந்தக் கண்ணால் பார்ப்போம்.

ஸ்பிளெண்டரும் சிடி 100உம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வேலிக்கு வேலி நிற்பவை இவை இரண்டும்தான். இரண்டும் நூறு சிசி வகுப்பு, நான்கு ஸ்ட்ரோக், காற்றில் குளிரும் எஞ்சின், எளிய காபரேட்டர். ஒழுங்காகப் பார்த்துவந்தால் இரண்டுமே முதல் தடவையில் தேறும். வித்தியாசம் சிலிண்டர் படுத்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்பதில் இருக்கிறது.

ஸ்பிளெண்டரின் சிலிண்டர் ஏறத்தாழத் தரைக்குச் சமாந்தரமாகப் படுத்திருக்கும். பிளக் முன் சில்லுக்குக் கிட்ட. மாரியில் தண்ணீர் தேங்கிய கிறவல் ரோட்டால் வந்தால் முன் சில்லு அடிக்கும் சேறு நேரே பிளக் கப்பில் விழும். கப்பின் ரப்பர் வெடித்திருந்தால் உள்ளே ஈரம் ஏறி, நெருப்புப் பொறி பிளக்கின் முனைக்குப் போகாமல் வெளியே பீங்கானால் ஒழுகும். ஓடும்போது தெரியாது. ஐடிலில் நின்றால் பத்துக்கு ஒன்று விட்டு அடிக்கும், ஐதரோகாபன் எகிறும். மட்கார்டின் நுனியில் தொங்கும் ரப்பர்த் துண்டு அழகுக்கு அல்ல. அது கிழிந்து போனதை மாற்றாதவர்கள்தான் கார்த்திகை மார்கழியில் பிளக்கைத் திட்டுவது.

அதே படுத்த சிலிண்டரால் ஒரு நன்மையும் உண்டு. வால்வு இடைவெளி பார்க்கப் பெற்றோல் தாங்கியைக் கழற்றத் தேவையில்லை. மேலே ஒரு மூடி, கீழே ஒரு மூடி. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க, காந்தச் சில்லின் டி அடையாளத்தை நேராக்கி, இரண்டு வால்வும் மூடிய நிலையில் 0.05 மில்லிமீற்றர் தகட்டை விட்டுப் பார்க்கலாம். மேல் மூடி உள்வரும் வால்வு, கீழ் மூடி வெளியேறும் வால்வு. கீழ் மூடியைத் திறந்தால் ஒயில் கையில் வழியும் என்பதால் அவசரக் கராஜ்களில் மேலதை மட்டும் பார்த்துவிட்டு மூடுவதும் நடக்கும். தேய்வது பெரும்பாலும் கீழதுதான். சூடான புகை அதன் வழியேதான் போகிறது. இடைவெளி இல்லாமல் போனால் வால்வு இருக்கையில் முழுதாக அமராது, எரியாத வாயு கசியும். இடைவெளி கூடினால் தட்டுச் சத்தம் காதுக்குத் தெரியும். இடைவெளி இல்லாமல் போனால் சத்தமே வராது, அதனால் எஞ்சின் நல்லாய் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம்.

சிடி 100இன் சிலிண்டர் நிமிர்ந்தது. பிளக்குக்குச் சேறு பெரிதாக எட்டாது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான வியாதி எயார் ஃபில்டர். மாசி பங்குனியில் காலபோக வயல் அறுப்பு நடக்கும்போது அறுவடை மெசின் கிளப்பும் உமித்தூளும், வேனிலில் துணுக்காய், ஒட்டுசுட்டான் உள்பாதைகளின் செம்மண் புழுதியும் சேர்ந்தால், புத்தகத்தில் போட்ட கிலோமீற்றர்க் கணக்கு இங்கே செல்லாது. 1,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது. ஸ்பொஞ்சு ஃபில்டரை மண்ணெண்ணெயில் கழுவி, பிழிந்து, உலரவிட்டு, எஞ்சின் ஒயில் தடவி மறுபடி பிழிந்து போடலாம். எண்ணெய் ஊறிய கடதாசி ஃபில்டரைக் கழுவவும் கூடாது, காற்று அடிக்கவும் கூடாது. அடைத்தால் புதிதுதான். காற்று அடித்தால் தூசு போய்விட்டது போலத் தெரியும், ஆனால் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து போய்விடும்.

எங்கள் கணக்கில், வாங்குவதற்கு இரண்டில் ஒன்று என்றால் ஸ்பிளெண்டர். அதன் ஐடில் செற்றிங் ஒருமுறை வைத்தால் மாதக்கணக்கில் அசையாது. சேற்றுக்கு ரப்பர்த் துண்டும் புதிய பிளக் கப்பும் போதும்.

பல்சர் 150

இளம் பெடியளின் வண்டி. இழுவையில் குறை சொல்ல முடியாது. புகையில் மட்டும் ஒரு கள்ளத்தனம் உண்டு. இரட்டைப் பிளக் எஞ்சினில் ஒரு பிளக் செத்தாலும் மற்றது சமாளித்து ஓட்டிவிடும். சவாரியில் ஓட்டுநர் உணரமாட்டார், இயந்திரம் உணரும். ஐடிலில் கலவையின் ஒரு மூலை எரியாமல் போகும், ஐதரோகாபன் ஏறும். கண்டுபிடிக்க வழி: எஞ்சினை நிறுத்தி ஒரு பக்கக் கப்பைக் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கை மாட்டி அதன் உடலை எஞ்சின் இரும்பில் தொட வைத்து ஸ்டார்ட் பண்ணிக் கேட்கவேண்டும். சத்தம் மாறினால் அந்தப் பக்கப் பிளக் வேலை செய்துகொண்டிருந்தது. மாறாவிட்டால் அதுதான் செத்தது. கப்பைச் சும்மா அந்தரத்தில் விட்டு ஓட்டுவது, பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலுக்குக் கேடு. பிளக் மாற்றும்போது இரண்டையும் சோடியாகவே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிப்பவர் அடுத்த வருடம் அதே கதையோடு வருவார்.

அதன் காபரேட்டரில் ரப்பர் டயபிரம் ஒன்று இருக்கிறது. அது கிழிந்தால் இழுவை போகும், ஆனால் ஐடில் வாசிப்பைப் பெரிதாகக் கெடுக்காது. புகையைக் கெடுப்பது சோக் குச்சியின் நுனி ரப்பர். தேய்ந்து முழுதாக மூடாவிட்டால் எந்நேரமும் பாதிச் சோக்கில் ஓடுவது போல, காபனோரொட்சைட்டு எப்படித் திருகினாலும் இறங்காது. திருகாணியைத் திருகி அலுத்தவர்கள் இதைப் பார்க்கவேண்டும்.

ஸ்கூட்டர்கள்

டியோவும் ஸ்கூட்டி பெப்பும் ஆசிரியைமாரிடமும் அலுவலகம் போகும் பிள்ளைகளிடமும் நிறைய. எஞ்சினில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை, ஓடும் தூரம்தான் குறைவு. வீட்டிலிருந்து பள்ளிக்கு இரண்டு கிலோமீற்றர் போய் வந்தால் எஞ்சின் ஒழுங்காகச் சூடாகாது. பெற்றோல் ஒயிலுக்குள் இறங்கும், அதன் ஆவி எஞ்சினின் மூச்சுக்குழாயால் ஃபில்டர் இருக்கும் எயார் பொக்ஸுக்குத் திரும்பி வந்து கலவையைக் கூட்டும். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன் ஒயில் மாற்றி, அன்று காலை பத்துக் கிலோமீற்றராவது ஓட்டிக்கொண்டு போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனையிறவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியில் வந்தாலே நல்ல சூடு. வந்ததும் அரை மணி நேரம் நிழலில் நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே போனால் அந்தச் சூடும் வீண்.

பழைய ஹொண்டாக்கள்

சி90, எம்டி 90 போன்றவை இன்னும் ஓடுகின்றன. யுத்தத்தின்போது பெற்றோல் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிப் பிழைத்த பரம்பரை. ஸ்டார்ட்டுக்குச் சில துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். அந்தப் பாவனையில் கரி படிந்த எஞ்சின்களும், மண்ணெண்ணெய் எரிவதற்காகத் துளையைப் பெரிதாக்கிய காபரேட்டர் ஜெற்களும் பலவற்றில் அப்படியே கிடக்கின்றன. காபரேட்டரைத் திறந்து ஜெற்றின் எண்ணைப் பார்க்கவேண்டும். துளை ஊசியால் குடைந்த தடம் இருந்தால் அதை வீசிவிட்டுப் புதிது போடுவதைத் தவிர வேறு வழியில்லை. பிளக்குக்குப் பொறி கொடுக்கத் திறந்து மூடும் பழைய பொயின்ற் வகை என்றால் அதன் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். பிஸ்டன் ரிங்ஸ் தேய்ந்து நீலப் புகை வந்தால் எந்தத் திருகாணியும் உதவாது. சிலிண்டரைக் குடைந்து (போர் அடித்து) ரிங்ஸ் மாற்றும் செலவுக்கு மனம் இருந்தால் வைத்திருங்கள், இல்லையென்றால் தோட்டத்துக்கு மட்டும்.

இரண்டு ஸ்ட்ரோக் ஏஎக்ஸ் 100 போன்றவை பற்றிச் சுருக்கமாக: எரியாத பெற்றோலின் ஒரு பங்கு வெளியே போவது அவற்றின் பிறவிக் குணம். தேறவைக்கலாம், ஆனால் ஒவ்வொரு வருடமும் போராட்டம்.

எஃப்ஐ வண்டிகள்

காபரேட்டர் இல்லாமல், ஊசி (இன்ஜெக்டர்) மூலம் பெற்றோலைத் தெளிக்கும் வண்டிகள் இவை. புகையை மட்டும் பார்த்தால் இவைதான் முதலிடம். சைலன்சர்ப் பக்கம் ஒட்சிசன் சென்சர் உள்ளவை கலவையைத் தாமே திருத்திக்கொள்ளும், திருகுவதற்கு எதுவும் இல்லை. மீற்றரில் எஞ்சின் விளக்கு எரியாமல், பிளக்கும் ஃபில்டரும் நல்லாய் இருந்தால் போதும். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் மறுபடி தொடங்கியதால், இங்கே ஓடுபவற்றில் பெரும்பகுதி இன்னும் காபரேட்டர்தான். மல்லாவிப் பக்கம் உள்பாதையில் ஊசி அடைத்து நின்றால் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

திருகாணி விஷயம்

எந்தக் காபரேட்டரானாலும் பிழை நடக்கும் இடம் ஒன்று. கலவைத் திருகாணி எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோல் திருகாணி, வெளியே திருகினால் கலவை கூடும். ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகாணி, வெளியே திருகினால் கலவை மெலியும். இரண்டும் எதிர் எதிர். இதைப் பாராமல், காபனோரொட்சைட்டைக் குறைக்கிறேன் என்று கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கொஞ்சமல்ல.

எஞ்சின் சூடாக இருக்க, ஐடிலை நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்றில் வையுங்கள். திருகாணியை மெல்ல உள்ளே விட்டு முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் நுனி நசிந்து போகும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே. அங்கிருந்து காற்சுற்றுக் காற்சுற்றாக அசைத்து, எஞ்சின் அதிகம் வேகம் பிடிக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து மெலியும் பக்கம் அரைக்காற் சுற்று. ஐடில் இறங்கினால் ஐடில் திருகாணியால் மறுபடி 1,400. இன்னும் மெலிந்தால் நல்லது என்று போனால் விட்டு அடித்து ஐதரோகாபன் ஏறும், ஒன்றைத் தவிர்த்து மற்றதில் மாட்டுவீர்கள்.

இன்னொன்று: சில வண்டிகளில் எயார் பொக்ஸிலிருந்து, எஞ்சினில் சைலன்சர் தொடங்கும் இடத்துக்கு ஒரு ரப்பர்க் குழாய் போகும். எரியாத வாயுவை அங்கேயே எரிக்கக் காற்று கொடுப்பது அது. அக்ஸிலேற்றரை விடும்போது வெடிச்சத்தம் வருகிறது என்று அதை அடைத்துவிடும் வழக்கம் உண்டு. அடைத்த வண்டியைத் திறந்துவிட்டுப் பரிசோதனைக்குக் கொண்டுபோகவேண்டும். சைலன்சர் அடியில் துரு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று கலந்து வாசிப்புச் செல்லாமல் போகும். கரையோரத்தில் உப்புக்காற்று படும் வண்டிகளில் இதை முதலில் தேடுங்கள். எஞ்சின் ஓட, துணி எரியாமல் இருக்க ஒரு ஈரத்துணியால் சைலன்சரின் பின் வாயைப் பொத்தினால், ஓட்டை எங்கே சீறுகிறது என்று காது சொல்லும்.

பாவித்த வண்டி வாங்கும்போது பெயின்றையும் மீற்றரையும் பார்க்கமுன், போன இரண்டு வருடப் புகை அறிக்கையைக் கேளுங்கள். எண்கள் அதில் அச்சாகியிருக்கும். ஒரு வருடத்தில் ஐதரோகாபன் இரட்டித்திருந்தால் எஞ்சின் திறக்கும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். விற்பவர் அறிக்கை தொலைந்துவிட்டது என்றால், வண்டியைச் சூடாக்கி அவரோடு சேர்ந்து பரிசோதனைக்குப் போய்வந்து பிறகு காசைக் கொடுங்கள்.