வீட்டில் எண்ணெய் மாற்ற வாங்கிய 189 வெள்ளி செட்: டைல்ஸ் போர்ச்சில் நடந்தது

இணையக் கடையில் 189 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து, காருக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றும் செட் ஒன்றை வாங்கினேன். முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்த இரண்டு பிளாஸ்டிக் ரேம்ப், பழைய எண்ணெயைப் பிடிக்கும் மூடி போட்ட தட்டு, ஆயில் பில்டரைக் கழற்றும் கிண்ணச் சாவி, நீண்ட கழுத்துள்ள புனல், எண்ணெயை வடிக்கக் கழற்றும் வடிகால் போல்ட்டுக்கான வாஷர் பொட்டலம் ஆகியவை அதில் இருந்தன. பெட்டியில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. ‘முதன்முறை மாற்றுபவர்களுக்கு ஏற்றது’ என்ற வாசகம்தான் என்னை வாங்க வைத்தது, ஏனென்றால் பதினொரு ஆண்டுகளாகக் கார் ஓட்டியும், கண்ணாடித் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர வேறெதற்கும் நான் பானட்டைத் திறந்ததில்லை.

பட்டர்வொர்த்தில் குடியிருந்துகொண்டு பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு எஞ்சின் எண்ணெய்ச் செலவு சின்னச் செலவில்லை. 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைத் தினமும் இருமுறை கடப்பதோடு, காலை நெரிசலில் எஞ்சின் ஓடியபடியே நிற்கவும் வேண்டியிருக்கிறது. அப்படி நிற்கும்போது கிலோமீட்டர் ஏறாது என்றாலும் எண்ணெய் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். கடைசியாக வொர்க்‌ஷாப்பில் எனக்கு வந்த பில் 210 வெள்ளி. எண்ணெயும் பில்டரும் தனியாக வாங்கியபோது 135 வெள்ளிதான் ஆயிற்று.

என் கார் 2010-ஆம் ஆண்டு டொயோட்டா வியோஸ், 1.5 லிட்டர் எஞ்சின். பில்டரையும் சேர்த்து மாற்றினால் இதற்கு 3.7 லிட்டர் எண்ணெய் தேவைப்படும், ஆகவே நான்கு லிட்டர் குப்பி ஒன்று போதும். 5டபிள்யூ-30 வாங்கினேன். வெயில் ஊருக்குக் கெட்டியான எண்ணெய்தான் நல்லது என்று கடையில் நின்ற ஒருவர் 20டபிள்யூ-50 குப்பியை எடுத்து நீட்டினார். அந்த எண்களில் முதலாவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் எப்படி ஓடும் என்பதையும், இரண்டாவது, 100 பாகை செல்சியஸில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் குறிக்கின்றன. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் சூடேறிய எஞ்சினுக்குள் இருக்கும் வெப்பம் அதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், கார் கையேடு சொன்னதையே நான் கேட்டேன்.

இனி ரேம்ப். இந்தச் செட்டில் விலையில் பெரும்பகுதி இதற்குத்தான் போயிருக்க வேண்டும், என்னை ஏமாற்றியதும் இதுதான். நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் கார் நிறுத்தும் போர்ச்சுக்கு வழவழப்பான டைல்ஸ் போட்டிருப்பார்கள். ரேம்ப்பின் அடியில் ரப்பர் ஏதும் இல்லை, வெறும் பிளாஸ்டிக் கால்கள்தான். முன்சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு ரேம்ப்பை முட்டியதும், அது ஏற இடம் கொடுக்காமல், கேரம் காய் போல வழுக்கிப் போய்ச் செருப்பு அலமாரியில் மோதி நின்றது. இரண்டாம் முறை ஒரு பக்க ரேம்ப் மட்டும் நகர, மற்றதில் சக்கரம் பாதி ஏறிக் கார் கோணலாக நின்றபோது எனக்கு வியர்த்துவிட்டது.

அடுத்த வரிசையில் இருக்கும் என் சித்தப்பா, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொமனாக (கார் பழுதுபார்ப்பவராக) இருந்து ஓய்வுபெற்றவர், சத்தம் கேட்டு வந்தார். பெட்டியைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது. வீட்டிலிருந்த ரப்பர் கால்மிதியை வாங்கி ஒரு பாதியை ரேம்ப்புக்கு அடியிலும், மறு பாதி சக்கரத்துக்கு அடியில் வரும்படியும் விரித்தார். காரின் எடையே மிதியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, ரேம்ப் அசையவில்லை. பின்சக்கரங்களுக்குப் பின்னால் இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்த பிறகுதான் என்னைக் காருக்கு அடியில் படுக்க விட்டார். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகக்கூடாது என்று மூன்று முறை சொன்னார். அது என்னவோ, செட்டோடு வந்த தாளில் ஒருமுறைகூட இல்லை.

தட்டு நன்றாக இருக்கிறது, ஒரு குறையோடு. எட்டு லிட்டர் கொள்ளும், பக்கவாட்டில் கொட்டுவாயும் இருக்கிறது. ஆனால் எண்ணெய் இறங்கும் துளை ஐம்பது காசு நாணயத்தை விடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் எண்ணெய் இளகி வேகமாக வடியும் என்பதால் அப்படியே செய்து, 14 மில்லிமீட்டர் சாவியால் போல்ட்டைத் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளைக் கையால் சுற்றினேன். போல்ட் கழன்ற நொடியில் எண்ணெய் நேர்கீழாக விழவில்லை. மணிக்கட்டை நனைத்துக்கொண்டு ஒரு வில்லைப் போல வளைந்து, தட்டின் விளிம்புக்கு இரண்டு விரல்கடை உள்ளே போய் விழுந்தது. வேகம் குறையக் குறைய அந்தக் கறுப்பு வில் பின்வாங்கிக்கொண்டே வந்தது, அதைத் துரத்திக்கொண்டு தட்டையும் நான் நகர்த்த வேண்டியிருந்தது. துளை சிறியதாக இருந்ததால் மேல்தட்டில் எண்ணெய் குளமாகத் தேங்கி, வழியப் போகும் நிலைக்கு வந்தது. போல்ட்டும் கை நழுவி அந்தக் குளத்தில்தான் விழுந்தது.

கிண்ணச் சாவிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். 65 மில்லிமீட்டர், 14 பட்டைகள் கொண்ட இது வியோஸ் பில்டரில் கச்சிதமாகப் பொருந்தி, ஒரே இழுப்பில் அதை விடுவித்தது. சித்தப்பா உடனே பழைய பில்டரை வாங்கி, வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்தார். அந்த வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது தெரியாமல் புதியதை மாட்டினால், இரண்டு வளையமும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து, எஞ்சின் ஓடும் அழுத்தத்தில் எண்ணெய் முழுவதும் வெளியே வந்துவிடுமாம். புதிய பில்டரின் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி, கையால் சுற்றி, அது தொட்டு நின்ற இடத்திலிருந்து முக்கால் சுற்று மட்டும் இறுக்கினேன்.

முதன்முறை செய்பவருக்கான செட் என்றால் அதில் டார்க் சாவி (எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் சாவி) இருந்திருக்க வேண்டும் என்பது என் முக்கியமான குற்றச்சாட்டு. இந்த எஞ்சினின் வடிகால் போல்ட்டை ஏறக்குறைய 38 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் போதும். அனுபவமுள்ள கைக்கு அது எவ்வளவு என்று தெரியும், எனக்கு எப்படித் தெரியும்? பயத்தில் பற்களைக் கடித்துக்கொண்டு நான் இழுக்க, “போதும் பாப்பா, விடு. இன்னும் இழுத்தா மரை போயிடும், அப்புறம் தொட்டியையே மாத்தணும்” என்று சித்தப்பா என் கையைப் பிடித்தார். பக்கத்தில் இப்படி ஒருவர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று விற்பவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

புனலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒழுகவில்லை. முதலில் மூன்றரை லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு பார்த்தபின், காரைக் கீழே இறக்கிச் சமதரையில் சில நிமிடம் நிறுத்தி, எண்ணெய் மட்டம் காட்டும் அளவுகோலைப் பார்த்தோம். ரேம்ப்பின் மேல் சாய்ந்து நிற்கும்போது பார்த்தால் அது சரியான அளவைக் காட்டாது. பிறகு சிறிது சிறிதாக ஊற்றி மேல்கோட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தட்டின் கொட்டுவாய் அதன் பிறகுதான் கைகொடுத்தது. வடிந்த எண்ணெயைக் காலிக் குப்பியில் சிந்தாமல் திருப்பி ஊற்ற முடிந்தது. பயன்படுத்திய மசகெண்ணெய், 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (அபாயக் கழிவு) விதிமுறைகளின் கீழ் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் வருகிறது. லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பவர்கள் எங்கள் வரிசையிலேயே இருக்கிறார்கள். ஊற்றியது எங்கும் மறைவதில்லை, வடிகால் வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும்தான் போகிறது. குப்பியை மூடி, சித்தப்பா முன்பு வேலை செய்த வொர்க்‌ஷாப்பின் பழைய எண்ணெய்ப் பீப்பாயில் சேர்த்துவிட்டு வந்தேன்.

வாஷர் பொட்டலத்தில் ஐந்து அளவுகள் இருந்தும், 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொருந்தும் ஒன்றுகூட இல்லை. நல்லவேளையாக, பில்டர் வாங்கிய உதிரிபாகக் கடையில் இரண்டு வெள்ளிக்கு ஒன்று தனியாக வாங்கி வைத்திருந்தேன். இதைச் சொல்லி விற்பவருக்கு இரண்டு முறை எழுதினேன். முதல் முறை பதில் இல்லை, இரண்டாம் முறை கைகூப்பும் பொம்மைப் படம் ஒன்று வந்தது. ஐந்தில் மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறேன். தட்டும் சாவியும் என் ஸ்டோர் அறையில் இருக்கின்றன. ரேம்ப் இரண்டையும், போர்ச்சில் இன்னும் சொரசொரப்பான சிமெண்டுத் தரை வைத்திருக்கும் சித்தப்பா வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.