பழைய ஃபிரிட்ஜும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் பலர், மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஹாப்ஸையும் (கசப்பும் மணமும் தரும் பூக்கள்) தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நொதித்தலின் வெப்பநிலைமீது காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். பீரின் இரு பெரும் வகைகளான ஏல், லாகர் ஆகியவற்றில், ஏல் வகை ஈஸ்ட்டுகளில் பெரும்பாலானவை 18 முதல் 22 டிகிரி செல்சியஸிலும், லாகர் வகை ஈஸ்ட்டுகள் 8 முதல் 13 டிகிரியிலும் சீராக வேலை செய்கின்றன. நொதித்தலே வெப்பத்தை வெளிவிடும் வினை என்பதால், அது உச்சத்தில் இருக்கும் முதல் சில நாட்களில் கலனுக்குள் உள்ள திரவம் அறையைவிட 3 முதல் 5 டிகிரி வரை சூடாகிவிடக்கூடும். அந்தச் சூட்டில் உருவாகும் ஃபியூசல் ஆல்கஹாலின் (தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால் வகைகள்) காரத்தைப் பின்னர் எளிதில் போக்க முடியாது.

இதற்குத் தீர்வாக, வீட்டில் உபரியாகக் கிடந்த ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றையும், அதற்கென்றே வாங்கிய இரட்டைச் சாக்கெட் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஒன்றையும் ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். ஃபிரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட் உறைநிலைக்குச் சற்று மேலேயே நிற்கும். அந்தக் குளிரில் ஏல் ஈஸ்ட் உறங்கிவிடும். ஆகவே அதை அதிகக் குளிருக்குத் திருப்பி வைத்துவிட்டு, மின்சாரத்தைக் கொடுப்பதையும் நிறுத்துவதையும் கன்ட்ரோலரின் பொறுப்பில் விட வேண்டும். இரண்டாவது சாக்கெட்டில் கலனைச் சுற்றிக் கட்டும் ஹீட்டிங் பெல்ட்டை இணைத்திருக்கிறேன். நின்ற கம்ப்ரசர் உடனே மீண்டும் இயங்கினால், உள்ளழுத்தம் சமநிலைக்கு வராததால் அது திணறிப் பழுதாகும் அபாயம் உண்டு. எனவே கம்ப்ரசர் மீண்டும் இயங்குவதற்கு முன்னான காத்திருப்பு நேரத்தைக் கன்ட்ரோலரில் 5 நிமிடமாக வைத்துள்ளேன். இந்த வசதி இல்லாத கன்ட்ரோலரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

இந்த ஏற்பாட்டின் வெற்றி தோல்வி முழுவதும் கன்ட்ரோலரின் வெப்பநிலை சென்சாரை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. முதல் முறை அதை ஃபிரிட்ஜுக்குள் காற்றில் தொங்கவிட்டேன். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் கம்ப்ரசர் இயங்கியது. திரையில் 18 டிகிரி என்று காட்டியபோது பீரின் உண்மையான வெப்பநிலை 22 டிகிரியாக இருந்தது. இப்போது சென்சாரைக் கலனின் பக்கவாட்டில், திரவ மட்டத்துக்குக் கீழே, டேப்பால் இறுக்கி ஒட்டி, அதன்மேல் கையளவு தடிமனான ஃபோம் துண்டை வைத்து மூடுகிறேன். 20 லிட்டர் திரவம் மெதுவாகவே சூடாகும், மெதுவாகவே குளிரும். ஆகவே கருவி பதறாமல் இயங்குகிறது, வெப்பநிலையும் அரை டிகிரிக்குள் நிற்கிறது. திரவத்துக்குள்ளேயே இறங்கும் எஃகுக் குழாயில் சென்சாரை வைப்பது இன்னும் துல்லியமானது என்றாலும், என் அனுபவத்தில் அந்த வேறுபாடு சிறியதே.

குறைகளும் உண்டு. எனக்குக் கிடைத்த சென்சார் 1 டிகிரி கூடுதலாகக் காட்டியது. நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் அமிழ்த்தி, 0 டிகிரி காட்டும்படி அளவுத்திருத்தம் செய்துகொண்டேன். ஃபிரிட்ஜ் நீண்ட நேரம் நின்றிருப்பதால் உள்ளே ஈரம் தேங்கிப் பூஞ்சை படர்கிறது. வாரம் ஒருமுறை துடைப்பதைத் தவிர வழியில்லை. சென்சார் கம்பிக்காகப் பக்கச் சுவரில் துளையிட நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும், ஏனெனில் பல ஃபிரிட்ஜ்களில் குளிரூட்டும் வாயு ஓடும் குழாய்கள் அந்தச் சுவருக்குள்ளேயே செல்கின்றன. மெல்லிய கம்பி கதவின் ரப்பர் விளிம்பு வழியாகவே தாராளமாக நுழையும். பின்புறக் கம்ப்ரசர் மேடு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், கலனின் உயரத்தை ஏர்லாக்குடன் (வாயுவை வெளியேவிட்டு வெளிக்காற்றைத் தடுக்கும், நீர் நிரப்பிய அடைப்பு) சேர்த்து முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டின் உண்மையான அருமை எனக்கு லாகரில்தான் விளங்கியது. 10 டிகிரியில் இரண்டு வாரம் நொதிக்கவிட்டு, வெண்ணெய் வாசனை தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட்டே உட்கொள்ளும்படி 17 டிகிரிக்கு உயர்த்தி மூன்று நாள் வைத்து, பிறகு தெளிவதற்காக 2 டிகிரிக்கு இறக்கினேன். வெறும் அறையில் கனவிலும் செய்ய முடியாத வேலை இது. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு கவனம் தேவை: குளிரும்போது கலனுக்குள் உள்ள வாயு சுருங்கி, ஏர்லாக்கின் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே வெப்பநிலையை இறக்குவதற்கு முன் அந்த நீரைக் கொட்டிவிட்டு, கொதிக்கவைத்து ஆறிய புதிய நீரைக் குறைந்த அளவில் ஊற்றி வைக்கிறேன்.