கழுத்தில் ஒரு குழாய்

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனேன். அதில் பெரும்பகுதி தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கழிந்தது. அப்பாவின் குடல் அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்திருந்தது. வாய்வழி சாப்பிட முடியாததால் கழுத்துச் சிரையில் குழாய் போட்டு, ஊட்டச்சத்துத் திரவத்தையும் ஆன்டிபயாட்டிக்கையும் அதன் வழியே ஏற்றினார்கள்.

ஒன்பதாம் நாள் குளிர்க்காய்ச்சல். ஆன்டிபயாட்டிக்கை மாற்றிப் பார்த்தார்கள், இறங்கவில்லை. மூன்று நாள் கழித்து வந்த இரத்தக் கல்ச்சர் முடிவில், அதாவது இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், கேண்டிடா என்ற பூஞ்சை இருந்தது. எனக்குத் தெரிந்த பூஞ்சை ஈரச் சுவரில் படர்வது மட்டும்தான்.

இளம் மருத்துவர் ஒருவர் நின்று நிதானமாக விளக்கினார். ஈஸ்ட் வகையைச் சேர்ந்த இந்தப் பூஞ்சை நம் தோலிலும் குடலிலும் சாதுவாக இருப்பதாம். ஆன்டிபயாட்டிக் மற்ற கிருமிகளை அழிக்க, இது பெருகுகிறது. குழாயின் உட்சுவரில் படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்து எளிதில் துளைக்காது. கல்ச்சரும் பாதிப் பேரிடம்தான் இதைக் காட்டிக்கொடுக்கும். அப்பா அந்த வகையில் அதிர்ஷ்டக்காரர்.

கவனிப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரவுப் பணி செவிலியர் குழாயின் வாயை ஆல்கஹால் பஞ்சால் அழுந்தத் தேய்த்து, காயவிட்டு, அதன்பிறகே ஊசியைப் பொருத்துவார். பகலில் வந்தவர் பேருக்குத் தொட்டு எடுப்பார். கழுத்து பிளாஸ்டரில் பேனாவால் எழுதிய தேதி வியர்வையில் கரைந்து, ஓரம் நகம் நுழையும் அளவு தூக்கியிருந்தது. "நாளைக்கு மாற்றிவிடலாம் சார்" என்றார்கள். இந்தக் குழாய் இன்றும் தேவையா என்று தினமும் கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

முடிவு வந்த அன்றே குழாயை எடுத்துவிட்டு, எக்கினோகேண்டின் வகைப் பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கைநரம்பில் ஏற்றினார்கள். பக்கத்துப் படுக்கைக்காரரின் சிறுநீரிலும் ஈஸ்ட் தென்பட்டதாம். அவருக்குத் தொந்தரவு ஏதும் இல்லாததால் சிறுநீர்க் குழாயை மட்டும் எடுத்தார்கள், மருந்தில்லை. அவருடைய மகன் சண்டைக்கே போனார். அதுதான் முறை என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

கண்ணுக்கும் பூஞ்சை பரவக்கூடும் என்பதால் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்த்தார்கள். பாதிப்பில்லை. மருந்து 14 நாள். அதுவும் இரத்தம் சுத்தம் என்று முதல் கல்ச்சர் சொன்ன நாளிலிருந்து கணக்கு. டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். பாவை விரிந்த கண்ணோடு அப்பா நாளிதழை எட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு எழுத்தும் தெரியவில்லை, நீ வாசி" என்றார்.