மாணவர் த்ரில்லர் ட்ரெய்லருக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போதுமா?

போதும். ஒன்றேகால் நிமிட ட்ரெய்லர், ஒரு போஸ்டர், யூடியூப் தம்ப்நெய்ல், இன்ஸ்டாவுக்கு ஒரு செங்குத்து வெட்டு என்று விஸ்காம் மாணவர்கள் ஒப்படைக்கும் தொகுப்புக்கு ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டியதில்லை. ட்ரெய்லருக்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள், தலைப்பு எழுத்துக்கு இங்க்ஸ்கேப், போஸ்டருக்கு கிம்ப், அச்சுக்கு ஸ்க்ரைபஸ். நான்குமே இலவசம். ஆனால் ரிசால்வைத் திறந்ததும் எல்லோரும் ஓடுவது நிறம் திருத்தும் கலர் பக்கத்துக்கு. த்ரில்லருக்கு அந்த மென்பொருள் தரும் பெரிய வரம் ஃபேர்லைட் என்ற ஒலிப் பக்கம். பயம் காதில்தான் பிறக்கிறது. நிறத்துக்கு மூன்று நாள், ஒலிக்கு மூன்று மணி நேரம் என்று வேலையைப் பிரிக்கும் குழுக்கள் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கினாலே ட்ரெய்லர் பாதி தேறிவிடும்.

முதலில் இலவசப் பதிப்பின் எல்லை. பிளாக்மேஜிக் டிசைன் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் 2009-இல் டாவின்சி சிஸ்டம்ஸை வாங்கிய பிறகுதான், பெரிய ஸ்டுடியோக்களில் மட்டும் இருந்த இந்தக் கருவி சாதாரணக் கணினிக்கு வந்தது. இலவசப் பதிப்பில் 3840×2160 அளவு வரை, விநாடிக்கு 60 ஃபிரேம் வரை வெளியே எடுக்கலாம். அதில் வாட்டர்மார்க் விழாது. 295 டாலர் ஸ்டுடியோ பதிப்புக்கு மட்டும் உரிய எஃபெக்ட் எதையாவது போட்டால்தான் படத்தின் மேல் முத்திரை விழும். படத்தின் புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன், ஃபிலிம் சுருள் போன்ற நுண்புள்ளிகளைச் சேர்க்கும் ஃபிலிம் கிரெய்ன், விளக்கின் துடிப்பை அகற்றும் டிஃப்ளிக்கர், ஆளைத் தானாகப் பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க், குரலை இரைச்சலிலிருந்து பிரிக்கும் வாய்ஸ் ஐசொலேஷன், செங்குத்துக்குத் தானாக வெட்டும் ஸ்மார்ட் ரீஃப்ரேம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். இரவுக் காட்சிகள் நிறைந்த த்ரில்லருக்கு இவற்றில் முதல் மூன்றும் கை கொடுக்கக்கூடியவை. அவை இல்லை என்று தெரிந்துகொண்டே படப்பிடிப்புக்குப் போக வேண்டும். வெளிச்சம் போதாமல் எடுத்த புள்ளி புள்ளியான காட்சியை எடிட்டில் சரிசெய்துவிடலாம் என்ற நினைப்பு இங்கே செல்லாது.

டிஃப்ளிக்கர் இல்லாதது பெரிய வம்பு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. போனில் கேமரா தானாக வைத்துக்கொள்ளும் விநாடிக்கு 30 ஃபிரேம், 1/60 விநாடி ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரம்) என்ற கணக்கு அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாது. சுவரில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி ஐபோனுக்கும் சில ஆண்ட்ராய்டு போன்களுக்கும் கிடைக்கிறது. அதில் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிட்டு எடுத்தால் பட்டை வராது. வெளிச்சம் அதிகமானால் 1/100-க்குப் போகலாம், நடுவில் எங்கும் நிற்கக் கூடாது.

போனில் எடுத்ததற்கு இன்னொரு நோய் உண்டு. பல போன்களின் சொந்தக் கேமராச் செயலி வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே பதிவு செய்யும். ரிசால்வுக்கு அது ஆகாது. முதல் நிமிடத்தில் உதடும் வசனமும் சேர்ந்திருக்கும், ஐந்தாவது நிமிடத்தில் பிரிந்துவிடும். எடிட் தொடங்குவதற்கு முன்பே எல்லாக் கோப்புகளையும் ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மாற்றும் மென்பொருளில் போட்டு, வீடியோ பகுதியில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்று தேர்ந்து மாற்றிக்கொள்வதுதான் வழி. ரிசால்விலும் ப்ராஜெக்ட் செட்டிங்கில் டைம்லைன் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டை) ஃபிரேம் ரேட்டை 25 என்று முதல் வேலையாக வைக்க வேண்டும். டைம்லைனில் காட்சிகளை இறக்கிவிட்டால் அந்த எண் பூட்டிக்கொள்ளும். அப்புறம் மாற்ற வேண்டுமென்றால் புது டைம்லைன்தான்.

கணினி விஷயத்தில் ரிசால்வ் இரக்கம் காட்டாது. 16 ஜிபி ரேமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இருந்தால் நிம்மதி. 8 ஜிபி லேப்டாப்பில் திறக்கும், ஆனால் 'ஜிபியு மெமரி ஃபுல்' என்ற செய்தி நடுவேலையில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட கணினியில் 1080 (1920×1080 பிக்சல்) டைம்லைனிலேயே எடிட் செய்து, கிராஃபிக்ஸ் வேலைக்கான ஃப்யூஷன் பக்கத்தைத் தொடாமல், ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் பயன்படும் இலகுவான நகல்) உருவாக்கி வேலை செய்யலாம். டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி வடிவத்தில் 1080 ப்ராக்ஸி ஒரு மணி நேரக் காட்சிக்குச் சுமார் 16 ஜிபி இடம் பிடிக்கும். லினக்ஸில் இலவசப் பதிப்பு ஹெச்.264 என்ற பரவலான காணொளி வடிவக் கோப்புகளைத் திறக்காது என்பதை லினக்ஸ் பிரியர்கள் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கல்லூரி லேபில் பாதி, வீட்டில் பாதி என்று செய்பவர்களைத்தான் இந்த மென்பொருள் அதிகம் அழவைக்கும். ப்ரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் பழகியவர்கள் காட்சிகள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் போட்டுக்கொண்டு போவார்கள். அங்கே போய்த் திறந்தால் எடிட் இருக்காது. ரிசால்வ் ப்ராஜெக்ட்டை ஃபோல்டரில் வைப்பதில்லை, கணினிக்குள் தன் டேட்டாபேஸில் வைக்கிறது. ப்ராஜெக்ட் மேனேஜரில் வலது க்ளிக் செய்து 'எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட் ஆர்க்கைவ்' கொடுத்தால் எடிட்டும் காட்சிகளும் ஒரே மூட்டையாக வரும். இரண்டு இடத்திலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. ஒப்படைக்கும் வாரத்தில் 'அப்டேட்' பட்டனைத் தொடவே தொடாதீர்கள்.

இனி ஒலி. 75 விநாடி ட்ரெய்லர் என்றால் 25 ஃபிரேம் கணக்கில் 1875 ஃபிரேம். முதல் 20 விநாடி சாதாரண வாழ்க்கை. காட்சிக்கு மூன்று நான்கு விநாடி, நடுவே 8 முதல் 12 ஃபிரேம் வரை வெறும் கறுப்பு. கறுப்பு வரும்போது ஒலியும் சேர்ந்து அணைந்தால் அது தவறு. அறையின் இரைச்சல், மின்விசிறி ஓடும் சத்தம், தூரத்து நாய்க் குரைப்பு ஏதாவது ஒன்று கறுப்புக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான், கடைசி அதிர்ச்சிக்கு முன்னால் முழு அமைதியை 20 ஃபிரேம் வைக்கும்போது பார்ப்பவருக்கு மூச்சு நிற்கும். அமைதியை எல்லா இடத்திலும் தூவிவிட்டால் அதற்கு விலை இல்லாமல் போய்விடும்.

இணையத்தில் இறக்கும் 'ரைசர்' (பதற்றம் ஏற மெல்ல வளரும்) ஒலிகள் எல்லா ட்ரெய்லரிலும் ஒரே மாதிரி ஒலிக்கும். வீட்டுச் சமையலறையிலேயே நல்ல ரைசர் இருக்கிறது. எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தரையில் போட்டு, அது சுழன்று அதிர்ந்து அடங்கும் வரை போனில் பதியுங்கள். ஃபேன், ஏசி எல்லாம் அணைத்திருக்க வேண்டும். அந்தக் கிளிப்பை டைம்லைனில் வைத்து, 'சேஞ்ச் கிளிப் ஸ்பீட்' திறந்து, வேகம் 50 சதவீதம், 'ரிவர்ஸ் ஸ்பீட்' டிக், 'பிட்ச் கரெக்‌ஷன்' டிக்கை எடுத்துவிடுங்கள். வேகம் பாதியானதும் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். தட்டின் கிணுகிணுப்பு மறைந்து, எங்கிருந்தோ ஏதோ கனமான உலோகம் நெருங்கி வருவது போன்ற ஒலி கிடைக்கும். தலைகீழாக ஓடுவதால் அது வளர்ந்து வளர்ந்து, தட்டு தரையில் மோதிய அந்த இடத்தில் சட்டென்று வெட்டுப்படும். அந்த ஃபிரேமையும் காட்சி மாறும் ஃபிரேமையும் ஒன்றாக வையுங்கள். இரண்டு ஃபிரேம் தள்ளியிருந்தாலும் அதிர்ச்சி பிசுபிசுத்துவிடும்.

மோதும் ஒலியில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று. ஹெட்போனில் கேட்டு, 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இடி மாதிரி ஒரு 'பூம்' வைப்பார்கள். போனின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தரவே முடியாது. மதிப்பெண் போடுபவர் போனில் பார்த்தால் அங்கே ஒன்றும் கேட்காது. அதே ஃபிரேமில் மரக்கதவைத் தட்டிய ஒலியோ மேஜையில் குத்திய ஒலியோ, 200 முதல் 800 ஹெர்ட்ஸுக்குள் உடம்பு உள்ள ஒன்று, சேர்ந்து இருக்க வேண்டும். ஃபேர்லைட்டின் சத்த அளவு இலக்கு தொலைக்காட்சிக் கணக்கான மைனஸ் 23-இல் நிற்கும். யூடியூப்புக்கு ப்ராஜெக்ட் செட்டிங்கில் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்த அளவின் அலகு) என்று மாற்றி, மீட்டரைப் பார்த்து மொத்த ஒலியை அந்த அளவுக்குக் கொண்டுவந்து, உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் லிமிட்டர் போட்டால் போதும். பிரபலப் படங்களின் பின்னணி இசையைத் தற்காலிகமாகக்கூட வைக்காதீர்கள். காது அதற்குப் பழகிவிடும், பிறகு எதுவும் பிடிக்காது. யூடியூப்பிலும் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும்.

நிறத்துக்கு ஒரே அறிவுரை: நினைத்ததைவிட ஒரு பங்கு வெளிச்சமாக வையுங்கள். இருட்டறையில் அழகாகத் தெரியும் முகம் பேருந்தில் போனில் பார்ப்பவருக்குக் கறுப்புச் சதுரம். ஒளியை 0 முதல் 1023 வரை அளந்து காட்டும் ஸ்கோப்பில் முகத்தின் ஒளிபட்ட பக்கம் 300-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் தப்பலாம்.

தமிழ்த் தலைப்பில்தான் ரிசால்வை முழுமையாக நம்ப முடிவதில்லை. அதன் தலைப்புக் கருவியான டெக்ஸ்ட்ப்ளஸில் 'கொலை' என்று தட்டிப் பாருங்கள். இரண்டே எழுத்து, இரண்டுமே சோதனை. க-வுக்கு முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் காலும் நிற்க வேண்டும், ல-வுக்கு முன்னால் இணைக்கொம்பு வர வேண்டும். எழுத்தைச் சேர்க்கத் தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். பதிப்பு, எழுத்துரு இரண்டையும் பொறுத்து விளைவு மாறுகிறது. எனவே தலைப்பை இங்க்ஸ்கேப்பில் செய்துவிடுவதே பாதுகாப்பு. அது தமிழைச் சரியாகக் கோக்கும். எழுத்தை அமைத்ததும் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து வடிவமாக்கிவிட்டால் எந்தக் கணினிக்குப் போனாலும் உடையாது. 3840 பிக்சல் அகலத்தில், பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்து ரிசால்வில் இறக்கினால், 1080 டைம்லைனில் தலைப்பை மெதுவாகப் பெரிதாக்கினாலும் மங்காது. இங்க்ஸ்கேப்பில் சேமித்த அதே எஸ்விஜி கோப்பு போஸ்டருக்கும் தம்ப்நெய்லுக்கும் போகும். ட்ரெய்லரில் ஒரு எழுத்து, போஸ்டரில் வேறு எழுத்து என்று வரும் படைப்புகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. படத்துக்கு முகமே அந்தத் தலைப்புதான்.

எழுத்துருவுக்கு அனெக் தமிழ் நல்ல தேர்வு. ஒடுங்கியதிலிருந்து விரிந்தது வரை அகலமும், மெல்லியதிலிருந்து தடித்தது வரை கனமும் ஒரே குடும்பத்தில் கிடைக்கின்றன. ஒடுங்கிய வடிவம் போஸ்டரின் அடியில் வரும் பெயர் வரிசைக்கு அப்படியே பொருந்தும். பலூ தம்பி, காய்னி இரண்டும் உருண்டையானவை, சிரிப்புப் படத்துக்கு உரியவை. இவை எல்லாமே கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தோடு இருக்கின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் யூனிகோட் அல்ல. அவற்றில் அடித்ததை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும்.

போஸ்டருக்குக் காணொளியிலிருந்து ஒரு ஃபிரேமை நிறுத்தி எடுப்பது சோம்பேறி வழி, அச்சில் உடனே காட்டிக்கொடுக்கும். ஏ3 தாளுக்கு 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508×4961 பிக்சல் வேண்டும். 1080 ஃபிரேமை நெடுக்காக வெட்டி அதில் பரப்பினால் 65 டிபிஐ தேறும், 4கே என்றாலும் 130. படப்பிடிப்பு நாளிலேயே அதே வெளிச்சத்தில், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தலைக்கு மேல் தலைப்புக்கு இடம் விட்டு 20 ஸ்டில் எடுத்துவைத்தால் தீர்ந்தது.

செங்குத்து வெட்டுக்கு டைம்லைனை நகலெடுத்து 1080×1920 என்று மாற்றி, ஒவ்வொரு காட்சியையும் கையால் நகர்த்த வேண்டும். 30 விநாடி வெட்டுக்கு ஒரு மாலை பிடிக்கும். தலைப்பை இரண்டு வரியாக அடுக்கி இன்னொரு பிஎன்ஜி எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூப்புக்கு 1080 ட்ரெய்லரையும் 3840×2160 ஆகப் பெரிதாக்கி, 40,000 கேபிபிஎஸ்-இல் ஏற்றுங்கள். அந்த அளவில் யூடியூப் கூடுதல் பிட்ரேட் (விநாடிக்கான தரவு அளவு) தருவதால், இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாக உடைவது நன்றாகக் குறையும்.

அச்சுக்குப் போகும்போது கறுப்பைக் கவனியுங்கள். அச்சு மைகள் நான்கு: சி (பச்சைநீலம்), எம் (கருஞ்சிவப்பு), ஒய் (மஞ்சள்), கே (கறுப்பு). வெறும் கே 100 கொடுத்தால் பெரிய பரப்பு சாம்பலாக வெளுத்துத் தெரியும். திரையில் இருந்த கறுப்பை அப்படியே மாற்றினால் நான்கு மையும் ஏறி, தாள் நனைந்து திட்டுத் திட்டாகும். ஸ்க்ரைபஸில் சி 60, எம் 40, ஒய் 40, கே 100 என்று ஒரு நிறத்தை உருவாக்கிப் பின்னணிக்குக் கொடுத்தால் மொத்தம் 240 சதவீதம்தான், ஆழமாக நிற்கும். சின்ன வெள்ளை எழுத்துகளை அந்தக் கறுப்பின் மேல் வைத்தால் 8 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள், மை சற்று நகர்ந்தாலும் புள்ளிகள் அடைபடும். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டுவதற்கான கூடுதல் ஓரம்) விட்டு, பிடிஎஃப்பாக எடுத்து, கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாகுமென்ட்' ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும். 50 பிரதி சொல்வதற்கு முன் ஏ4-இல் ஒன்று எடுத்து, ட்யூப்லைட்டுக்குக் கீழே கைநீளத்தில் பிடித்துப் பாருங்கள். முகத்தின் நிழல் பக்கத்தில் கண் தெரியவில்லை என்றால் கிம்பில் நிழல்களை இன்னும் ஏற்ற வேண்டும்.