ஹெர்மன் ஓக் தோல்: பாலடின் துப்பாக்கி உறை செய்து பார்த்த அனுபவம்

துப்பாக்கி உறை செய்ய அமெரிக்காவின் ஹெர்மன் ஓக் நிறுவனத் தோல் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன்: தாராளமாக வாங்கலாம். விலை கூடுதல்தான். ஆனால் இந்த வேலையில் காசைக் கொட்ட வேண்டிய இடம் தோல்தான். கருவி, நூல், ஊசி எல்லாவற்றிலும் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கலாம். தோலில் மட்டும் கூடாது.

நான் செய்தது பாலடினின் உறை. 1957 முதல் 1963 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த ‘ஹேவ் கன் வில் டிராவல்’ தொடரின் நாயகன் பாலடின். ரிச்சர்ட் பூன் நடித்தது. சான் பிரான்சிஸ்கோவில் கார்ல்டன் ஓட்டலில் பட்டுச் சட்டையும் சுருட்டுமாக உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார், சதுரங்கம் ஆடுவார். வேலை வந்துவிட்டால் தலை முதல் கால் வரை கறுப்பு உடைக்கு மாறிக் குதிரை ஏறிவிடுவார். இடுப்பில் கறுப்பு உறை, அதன் மேல் சதுரங்கக் குதிரைத் தலை ஒன்று வெள்ளி நிறத்தில். தொடர் தொடங்கும்போது திரை முழுக்க அந்த உறைதான் தெரியும். கை துப்பாக்கியை உருவும், குழல் நம் பக்கம் திரும்பும். 225 பகுதிகள் கொண்ட தொடரின் முகவரியே அந்த உறைதான். கன்சாஸ் சிட்டிக்கு வேலைக்கு வந்த புதிதில், பழைய தொடர்களை மறு ஒளிபரப்பும் சேனல் ஒன்றில் தற்செயலாகப் பார்த்தேன். அன்றிலிருந்து அந்தக் குதிரைத் தலை மனதை விட்டுப் போகவே இல்லை.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இது 1870களின் அசல் கௌபாய் உறை அல்ல. அந்தக் காலத்து உறைகள் இடுப்போடு ஒட்டி, துப்பாக்கியை முக்கால்வாசி மூடியிருக்கும். மழையிலும் புழுதியிலும் குதிரைச் சவாரியிலும் துப்பாக்கி விழாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. தொடைப் பக்கம் தாழத் தொங்கும், விசை வெளியே தெரியும், கை வைத்ததும் உருவ வரும் உறை என்பது பிற்பாடு வந்தது. 1950களில் ஹாலிவுட்காரர்கள் அதைப் பெரிதாக்கினார்கள். அதில் முக்கியமான ஆள் ஆர்வோ ஓஜாலா. நடிகர்களுக்கு வேகமாகத் துப்பாக்கி உருவக் கற்றுக்கொடுத்தவர். ‘கன்ஸ்மோக்’ தொடரின் தொடக்கத்தில் அதன் நாயகன் மார்ஷல் டில்லன் எதிரில் நின்று சுடுபவரும் அவரேதான். தோலுக்கு நடுவில் உலோகத் தகடு வைத்து உறை தைத்தார். உறை துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காது, ரிவால்வரின் உருளை உள்ளேயே சுழல இடம் இருக்கும். அந்தக் காலத் தொலைக்காட்சியின் உறைகள் பெரும்பாலும் இந்த வார்ப்பில்தான் நிற்கும்: வாய் விரிந்து, உடல் விறைப்பாக, பக்கவாட்டில் சுருக்கம் இல்லாமல்.

அந்த விறைப்புதான் என் கவலையாக இருந்தது. தகடு வைக்காமல், தோலின் பலத்திலேயே அப்படி நிற்குமா? நிற்கிறது.

ஹெர்மன் ஓக் நிறுவனம் 1881இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் தொடங்கியது. சேணம் செய்பவர்களுக்கும் உறை தைப்பவர்களுக்கும் பழக்கமான பெயர். பெரும்பாலும் மொத்தமாக விற்பதால் நம்மைப் போன்றவர்கள் சில்லறைக் கடைகள் வழியாகத்தான் வாங்க வேண்டும். ஒரு மாட்டின் பாதித் தோலை முழுதாக வாங்க வசதி இல்லாதவர்களுக்குத் துண்டாகவும் வெட்டித் தருகிறார்கள். நான் வாங்கியது 8–9 அவுன்ஸ் தடிமன். தோல் கடையில் அவுன்ஸ் என்பது எடை அல்ல, தடிமன். ஒரு அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. அதாவது என் தோல் சுமார் மூன்றேகால் முதல் மூன்றரை மில்லிமீட்டர். ஒற்றை அடுக்கு உறைக்கு இது சரியான அளவு. இதற்குக் கீழே போனால் வாய் தளர்ந்துவிடும்; மேலே போனால் மடிப்பில் முரண்டு பிடிக்கும்.

பார்சல் வந்ததும் திண்டுக்கல்லில் இருக்கும் சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். வாழ்க்கை முழுக்க டேனரியில் வேலை பார்த்தவர். ஆவாரம் பட்டை, கடுக்காய் என்று மரச்சாறில் பதனிட்ட தோலைத் தொட்டே தரம் சொல்வார். தோலின் மேல்பக்கத்தை நான் பெருமையாகக் காட்டிக்கொண்டிருக்க, அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

“வெட்டின ஓரத்தைக் காட்டுப்பா. நடுவுல வெள்ளையா கோடு ஓடுதா பாரு.”

“இல்ல சித்தப்பா, மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே நிறம்.”

“அப்ப பட்டைச் சாறு உள்ள வரைக்கும் இறங்கியிருக்கு. இப்ப மடிச்சுக் காட்டு.”

மடித்தேன். மேல்தோல் வெடிக்கவில்லை, உரியவில்லை. சின்னச் சுருக்கம் விழுந்து, விட்டதும் மறைந்தது. பின்பக்கத்தில் நார் பிசிறு இல்லாமல் நெருக்கமாக இருந்தது. “நல்ல சரக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தை வருவது லேசில்லை.

நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் பதனிடுதல் முழுமையாகவில்லை என்று பொருள். அந்த இடம் பச்சைத்தோல் மாதிரி; காய்ந்தால் விறைத்து வெடிக்கும். இணையத்தில் விலை குறைவாகக் கிடைத்த, பெயர் தெரியாத ஒரு தோலை முன்பு வாங்கியபோது அந்தக் கோடு பென்சிலால் போட்டது போலத் தெரிந்தது. ஆகவே எந்தத் தோல் வாங்கினாலும் முதலில் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காலணிக்கும் கைப்பைக்கும் போகும் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்ட தோல், இந்த வேலைக்கு ஆகாது. அது துணி போல வளைந்து கொடுக்கும். நனைத்து அழுத்தினாலும் உருவம் பிடிக்காது, காய்ந்ததும் பழையபடி தளர்ந்துவிடும். மரச்சாறில் பதனிட்ட தோல்தான் நனைத்தால் களிமண்ணாகி, காய்ந்தால் இறுகும். உறை செய்பவருக்கு அந்த ஒரு குணம்தான் எல்லாம்.

சரி, கறுப்புக்கு வருவோம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பாலடின் தொடர் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு என்பது வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே விழாமல் போகிறது என்பதில்தான் தெரியும். அந்த உறை ஆழமான கறுப்பு; விளிம்பில் மட்டும் மெல்லிய பளபளப்பு ஓடும். சாயம் பூசியும் கறுப்பாக்கலாம். ஆனால் கறுப்புச் சாயம் மேல்பரப்பில் தங்கும் இயல்புள்ளது. நன்றாகத் துடைத்து மெருகு போடாவிட்டால் பேண்டில் ஒட்டும், விளிம்பு தேய்ந்தால் உள்ளே இருக்கும் பழுப்பு எட்டிப் பார்க்கும். அதனால் நான் பழைய வழிக்குப் போனேன்: இரும்பும் வினிகரும்.

இரும்பு நாரின் எண்ணெய்ப் பசையைக் கழுவி எடுத்துவிட்டு வெள்ளை வினிகரில் ஊறப்போட வேண்டும். துருப்பிடிக்காத எஃகு நார் உதவாது, சாதா இரும்புதான் வேண்டும். வாயு வெளியேறும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. இரும்பு கரைந்ததும் காபி வடிகட்டும் தாளில் வடித்துக்கொள்ளலாம். இந்தத் தண்ணீர் ஒன்றும் கறுப்பு அல்ல. தோலில் படும்போது, மரச்சாறிலிருந்து வந்த டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்துதான் கறுப்பாகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை வருமே, அதே வேதியியல். கலம்காரித் துணியின் கறுப்புக் கோடுகளும் இப்படி வந்தவைதான். குரோம் தோலில் டானின் கிடையாது என்பதால் இந்த வித்தை அங்கே பலிக்காது.

தோலுக்கு முதலில் பால் விடாத கெட்டித் தேயிலை டிகாஷனை ஒரு கை பூசினேன். டானின் கூடட்டும் என்பதற்காக. அப்புறம் இரும்புத் தண்ணீர். தூரிகை போன இடம் முதலில் சாம்பல் நிறமாகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் ஏறி, அப்படியே இருண்டுகொண்டு வருகிறது. ஹெர்மன் ஓக் தோலில் திட்டுத் திட்டாக ஆகாமல் ஒரே சீராகக் கறுத்தது. கழுத்துப் பகுதியின் சுருக்கக் கோடுகளில்கூட நிறம் மாறவில்லை. கறுப்பானதும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி அமிலத்தை முறிக்க வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் நாளடைவில் தோல் நொய்ந்துபோகும். சோடாவில் கழுவியதும் மங்கலாகத்தான் தெரியும்; பயப்பட வேண்டாம். கடைசியில் எண்ணெய் போடும்போது கறுப்பு திரும்பி வருகிறது, முன்பைவிட ஆழமாக.

இந்தக் கறுப்பு கையில் ஒட்டாது. நனைத்து உருவம் பிடிக்கும்போதும் தண்ணீரில் கரைந்து வராது. சாயத்தைவிட இதை நான் உயர்வாகச் சொல்வதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

தையலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெழுகு நூல், இரண்டு ஊசி, ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் போகும் சேணத் தையல். குத்தூசி இந்தத் தோலில் சீராக இறங்குகிறது. துளை கிழியாமல் நூலைக் கவ்விப் பிடிக்கிறது. இடுப்புப் பட்டைக்கு இரண்டு அடுக்கு ஒட்டித் தைத்தேன். பட்டையை முதுகுப் பகுதித் தோலில்தான் வெட்ட வேண்டும். வயிற்றுப் பகுதி இழுவை உள்ளது. அதில் பட்டை வெட்டினால் போகப் போக நீண்டு கோணிக்கொள்ளும்.

உருவம் பிடிப்பதற்கு வெதுவெதுப்பான தண்ணீரில் குமிழி நிற்கும் வரை முக்கினேன். உள்ளே வைத்தது சுட முடியாத மாதிரித் துப்பாக்கி. 1873 கோல்ட் ரிவால்வரின் நகல், ஸ்பெயின் நாட்டு டெனிக்ஸ் தயாரிப்பு. சமையலறைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே நுழைத்து, எலும்புத் தேய்ப்பானால் உருளையின் வளைவை மட்டும் லேசாக எடுத்துக்கொடுத்தேன். இங்கே ஒரு ரசனை விஷயம் உண்டு. இன்றைய உறைகளில் துப்பாக்கியின் ஒவ்வொரு முனையும் தோலில் அச்சாகத் தெரியும்படி அழுத்துவார்கள். பாலடின் உறைக்கு அது பொருந்தாது. அது வழவழப்பாக, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிக்கொள்ளாத உறை. உருளைக்குக் கொஞ்சம் இடம், வாய்க்கு ஒரு விரிவு, அவ்வளவுதான். நிழலில் காயவிட்டேன். காய்ந்த பிறகு விரலால் தட்டினால் மரப்பலகைச் சத்தம் கேட்டது. துப்பாக்கியை வெளியே எடுத்தாலும் வாய் மூடிக்கொள்ளவில்லை. தகடே தேவைப்படவில்லை.

விளிம்பை இழைத்து, ஈரப்படுத்தி, மரக்கட்டையால் தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி போல ஆனது. தொடரில் தெரியும் அந்த மெல்லிய ஒளிக்கோடு அங்கேதான் கிடைத்தது.

குதிரைத் தலையை மட்டும் வெளியே வாங்கினேன். அதில்தான் ஏமாற்றம். இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய வார்ப்பு, படத்தில் கனமாகத் தெரிந்தது. கையில் வந்தது மெல்லிய தகடு. பிடரிமயிர்க் கோடுகள் மழுங்கியிருந்தன, பின்பக்கத் திருகு ஒன்று கோணலாக இருந்தது. திருப்பி அனுப்பப் பல கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. அப்புறம் வேறொருவரிடம் திடமான வார்ப்பு கிடைத்தது. வாங்குவதற்கு முன் தடிமனைக் கேளுங்கள், பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். திருகின் தலை உறைக்குள் துருத்திக்கொண்டு துப்பாக்கியைக் கீறும் என்பதால், உள்பக்கத்தில் மெல்லிய தோல் துண்டு ஒன்றை ஒட்டி மறைப்பது அவசியம்.

குறை என்று சொன்னால், தோலில் ஒன்றிரண்டு உண்டு. அமெரிக்க மாட்டுத் தோலில் முள்வேலிக் கீறலும் சூட்டுக் குறியும் சகஜம். தரம் குறைந்த வகுப்பில் வாங்கினால் அவற்றைத் தள்ளி வெட்டுவதிலேயே கொஞ்சம் தோல் வீணாகும். உறைக்குப் பெரிய துண்டு தேவையில்லை என்பதால் அது சமாளிக்கக்கூடியதுதான். இடுப்புப் பட்டைக்கு நீளம் வேண்டும். அங்கே உயர்ந்த தரத்தையே கேளுங்கள். விலையும் இறக்குமதித் தோலைவிடக் கணிசமாகக் கூடுதல். முதன்முதலாகத் தைத்துப் பழகுபவர்கள் மலிவான தோலில் ஒரு உறை தைத்துப் பார்த்துவிட்டு இதற்கு வருவது நல்லது.

இதை அணிந்து, கதாபாத்திரங்களைப் போல வேடமிட்டு ரசிகர்கள் கூடும் காமிக் கான் மாதிரி விழாக்களுக்குப் போவதாக இருந்தால், மாதிரித் துப்பாக்கியைப் பற்றிய விதிகளை முன்பே படித்துவிடுங்கள். பல இடங்களில் வாசலிலேயே சோதித்து, உருவ முடியாதபடி பிளாஸ்டிக் பட்டையால் உறையோடு கட்டிவிடுவார்கள். அதற்காக உறையின் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பட்டை நுழையும் அளவுக்கு ஒரு துளையைத் தைக்கும்போதே விட்டுவைத்தேன். முன்பக்கத் தோலில் கீறல் விழாது.

தோல் ஆர்டர் செய்யும்போது மூன்று விஷயத்தை எழுத்தில் சொல்லுங்கள்: 8–9 அவுன்ஸ், முதுகுப் பகுதி, சாயமோ எண்ணெயோ ஏறாத இயற்கை நிறம். எண்ணெய் ஏறிய தோலைத் தந்துவிட்டால் இரும்புத் தண்ணீர் உள்ளே இறங்காது, உருவமும் சரியாகப் பிடிக்காது.